நாற்பத்தொரு கையெழுத்து

மனு எழுதுவதில் அசரியாவை மிஞ்ச தாம்பரத்தில் ஆள் இல்லை. ரயில்வே பார்சல் ஆபீசில் ஹெட் கிளார்க்; இருபத்தேழு வருஷ சர்வீஸ். பிளாட்பாரத்துக்குக் கூரை வேண்டும், குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் வரவில்லை, மாற்றல் உத்தரவு ரத்தாக வேண்டும், எதுவானாலும் அவரிடம்தான் வருவார்கள். இங்கிலீஷில் இரண்டு பாரா எழுதுவார். கீழே கையெழுத்து வாங்கச் சொல்லுவார். பாதிக்குப் பாதி பலிக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு குதிரைக்காக எழுதிய மனுவும் பலித்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

ரேஸ் நாட்களில் மதியம் பன்னிரண்டு மணி எலெக்ட்ரிக் வண்டியில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும் கூட்டம் ஒன்று இருந்தது. எப்போதும் ஒரே பெட்டி. சேலையூரில் சைக்கிள் கடை வைத்திருந்த பக்தவச்சலம்தான் அதற்குத் தலைவன் மாதிரி. குரோம்பேட்டை வருவதற்குள் அத்தனை பேர் கையிலும் ரேஸ் புத்தகம் விரிந்திருக்கும். பல்லாவரம் தாண்டினால் சண்டை தொடங்கும். அந்தப் பெட்டியில் பணம் கட்டாதவர் அசரியா ஒருவர்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் எழுந்து நின்று, குடிப்பதில்லை, சூதாடுவதில்லை என்று பொருத்தனை செய்தவர். அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வந்தார். டிக்கெட் வாங்கி உள்ளே போவார். பணம் கட்டும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். கம்பி வேலி ஓரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கத்துவதும் இல்லை. குதிரைகள் கடந்து போவதைப் பார்ப்பார். ஏழு ரேஸும் பார்த்துவிட்டு அதே கூட்டத்தோடு திரும்புவார்.

"சார் ரேஸுக்கு வர்றது எப்பிடி தெரியுமா? பிரியாணிக் கடைக்குப் போயி வாசனை மட்டும் புடிச்சிகினு வர்ற மாதிரி" என்பான் பக்தவச்சலம்.

"வாசனைக்குப் பில் கிடையாதே, வச்சலம்."

பெட்டி சிரிக்கும். அசரியாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். அந்தக் கூட்டத்தில் கறை படாதவன் தான் ஒருவன்தான் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. வெளியே சொன்னதில்லை.

அவர்கள் எல்லாருக்கும் பொதுவான குதிரை ஒன்று இருந்தது. பெர்சியன் இங்க். கறுப்பு என்றே சொல்லக்கூடிய கரும்பழுப்பு. பெட்டியில் அதற்குப் பெயர் இங்கி. கிளம்பும்போது கடைசியில் இருக்கும். பாதி தூரம்வரை கடைசியிலேயே வரும். கடைசி வளைவு திரும்பியதும் கழுத்தைத் தாழ்த்தும். பிறகு முன்னால் போகிற குதிரைகள் எல்லாம் நின்றுவிட்டது போலத் தெரியும். தோற்ற நாட்களிலும் அந்த அரை நிமிஷத்துக்காக ஜனங்கள் அதை மன்னித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அசரியா ஆராதனை முடிந்து ஆசீர்வாத ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதே மனசு கிண்டிக்குப் போயிருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்த வளைவில் இங்கி கழுத்தைத் தாழ்த்தியது. பத்து பாய்ச்சல் வந்தது. பிறகு தலை தூக்கி நின்றது. ஜாக்கி குதித்து இறங்கினான். இடது முன்னங்கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் ஜெயவேலு வண்டியில் ஏறினான். லாயத்தில் இங்கியைக் குளிப்பாட்டி, தீனி போட்டுக் கவனிக்கும் ஆள் அவன். தாம்பரத்தில் உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவன் இந்தப் பெட்டியில் வந்து நின்றான்.

"கால் நரம்பு கீஞ்சி போச்சு. மொதலாளி வேணாம்னுட்டாரு. வெத எடுத்த குதிர, குட்டிக்குன்னு பண்ணைக்கும் போவாது. பத்து நாள்ல ஊசி போட்டு முடிச்சிருவாங்க."

மீனம்பாக்கத்தில் ஒருவன் ரேஸ் புத்தகத்தை மடித்துப் பையில் போட்டான்.

"சார், ஒரு மனு போடுங்க" என்றான் பக்தவச்சலம்.

அசரியா அன்று சாயங்காலமே எழுதினார். இத்தனை ஆண்டுகள் எங்களுக்கு மகிழ்ச்சி தந்த ஒரு ஜீவனை, பயனற்றுப் போயிற்று என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்வது நியாயமா என்று தொடங்கினார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டு நாளில் நாற்பத்தொன்று சேர்ந்தது. முதலாளி ஊட்டிப் பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவர். பதிவுத் தபாலில் போயிற்று.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கிண்டியில் அவருடைய மேனேஜரைப் பார்க்கும்படி இருந்தது. அசரியாவும் பக்தவச்சலமும் போனார்கள்.

"மொதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் மேனேஜர். "அவர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. குதிரையை எடுத்துக்குங்க."

"நாங்க எடுத்துக்கறதா எழுதலையே சார். வாழ விடுங்கன்னுதான் எழுதினோம்."

"சரி. எங்க வாழறது?"

அசரியாவின் கண் மேசைக்குப் போயிற்று. மேனேஜர் மேசையில் மனு விரித்து வைக்கப்பட்டிருந்தது. நாற்பத்தொரு பெயர்களின் தலையில் அவர் பெயர்.

"செம்பாக்கத்துல சாரோட கிரவுண்டு சும்மாத்தானே கீது" என்றான் பக்தவச்சலம். "கெணறு வேற கீது. நாங்க நாப்பது பேரு இல்லியா சார்? ஆளுக்கு ஒரு நாள் வந்தாக்கூட மாசம் முடிஞ்சிரும்."

மேனேஜர் டைப் செய்த ஒரு தாளை நகர்த்தினார். இந்தக் குதிரையை இனி எந்தப் போட்டியிலும் ஓட்டக் கூடாது. விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. எக்காரணம் கொண்டும் திருப்பி ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. பார்சல் ஆபீசில் இதே மாதிரி வாசகத்தின் கீழ் தினமும் ஊரார் கையெழுத்தை வாங்குகிறவர் அசரியா. படித்துப் பார்க்காமல் போடுகிறார்களே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டதும் உண்டு. அவர் இரண்டு தரம் படித்தார். படித்துவிட்டுப் போட்டார்.

மார்ச் முதல் வாரம் லாரி வந்தது.

செம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கிழக்கே இரண்டு கிரவுண்டு. ரிட்டையர் ஆவதற்குள் வீடு கட்டிவிட வேண்டும் என்று வாங்கிப் போட்டது. இடுப்புயரச் சுவர், மூலையில் கிணறு, அஸ்திவாரத்துக்கு இறக்கிய கருங்கல் ஒரு குவியல். சுவருக்கு மேல் சவுக்குக் கம்பு கட்டி உயர்த்தியிருந்தார்கள். ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். ஜெயவேலு குதிரையை இறக்கினான். மெல்ல நொண்டிக்கொண்டு உள்ளே வந்தது. கருங்கல் குவியலை முகர்ந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது தெரியாத உயரம் பக்கத்தில் நிற்கும்போது தெரிந்தது.

அசரியாவின் மனைவி தபீதாள் மிஷன் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தாள். குடையை மடக்காமலே நின்று பார்த்தாள்.

"வீடு கட்றதுக்கு முன்னாலயே குடித்தனக்காரரைக் கொண்டாந்துட்டீங்களே."

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"கொஞ்ச நாள்னா?" அவள் ஜெயவேலு பக்கம் திரும்பினாள். "இது எத்தனை வருஷம் இருக்கும்ப்பா?"

"ஆறு வயசுதாம்மா ஆவுது. நல்லா பாத்துகினா இன்னும் இருவது வருஷம் கல்லு மாதிரி இருக்கும்."

தபீதாள் கணவனைப் பார்த்தாள். அசரியாவுக்கு ஐம்பத்தொன்று.

முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. கேரட்டும் வெல்லமுமாக ஆட்கள் வந்தார்கள். ஸ்டூடியோக்காரரை அழைத்து வந்து மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்து, "இதாண்டி நான் சொன்ன இங்கி" என்று மனைவிக்குக் காட்டினார். அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்தவச்சலம் ஒவ்வொரு ரேஸையும் மறுபடி ஓட்டிக் காட்டினான். எந்த வளைவில், எத்தனையாவது இடத்தில், ஜாக்கி எந்தக் கையில் சாட்டை வைத்திருந்தான் என்பதுவரை.

லத்தி அள்ள மட்டும் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஏப்ரலில் கிண்டி சீசன் முடிந்தது. குதிரைகள் ஊட்டி ரேஸுக்காக மலைக்குப் போயின. கூட்டமும் குறைந்தது. மே மாதம் ஒருவரும் வரவில்லை.

அசரியா காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் கிளம்புவார். தாம்பரத்திலிருந்து செம்பாக்கம். கொட்டகையைப் பெருக்குவார். கிணற்றில் இறைத்து ஊற்றுவார். கொள்ளும் தவிடும் கலந்து வைப்பார். கால் கட்டை அவிழ்த்து மருந்து தடவிக் கட்டுவார். எட்டு மணிக்கு ஆபீஸ். சாயங்காலம் மறுபடியும். பேன்ட்டில் லத்தி நாற்றம் போகவில்லை. ஆபீசில் பியூன் ஜன்னலைத் திறந்து வைத்தான். எங்கேயும் போக முடியவில்லை. திருநெல்வேலியில் தங்கை மகள் கல்யாணத்துக்குத் தபீதாள் தனியாகப் போய் வந்தாள். ஜெயவேலு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேளச்சேரியிலிருந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. அவனாக வந்தான்.

மே மாதக் கடைசியில்தான் அது தொடங்கியது. ஒரு நாள் காலையில் போனபோது இங்கி கதவுக் கம்பியருகே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம், வலது பக்கம். உடம்பு எடை முழுவதும் ஒரு முன்னங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தும் நிற்கவில்லை. தீனி வைத்தார். ஒரு வாய் எடுத்து, மென்றுகொண்டே ஆடியது. சாயங்காலம் போனபோதும் ஆடிக்கொண்டிருந்தது. கால் பட்ட இடத்தில் மண்ணில் இரண்டு குழி விழுந்திருந்தது.

"நின்னு நின்னு இப்பிடி ஆயிடும் சார்" என்றான் ஜெயவேலு. "பெரிய லாயத்துலயே சிலது இப்பிடி ஆடும். அங்க காலைல ரெண்டு மணி நேரம் ஓட விட்டுருவாங்க. மிச்ச நேரம் பத்துக்குப் பத்து ரூம்பு. அது பொறந்ததுலருந்து அப்பிடித்தான். இங்க ஓட்டமும் இல்ல."

"இடம் பத்தலையா?"

"எடம் பத்தும். வேல பத்தல."

"நடத்திக் கூட்டிட்டுப் போனா?"

"ரோட்டுலயா? ஒரு லாரி ஆரன் அடிச்சா போதும். நீங்களும் காலி, அதுவும் காலி." குனிந்து கால் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "காலு ஆறணும்னா நிக்கணும். நின்னா பைத்தியம் புடிக்கிது. இன்னா பண்ணுவீங்க?"

அசரியா கேட்டார்: "ஓடறதுக்குன்னே பிறந்த பிராணி இல்லையா, ஜெயவேலு?"

"அதுவா வந்து சொல்லிச்சா சார்? நாம ஓட்டனோம். ஓடிச்சி."

படப்பையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். காலைப் பார்த்தார். ஊர்வலம் மெதுவாகத்தானே போகும், பரவாயில்லை என்றார். பேண்டு சத்தத்துக்கு நிற்குமா என்று பார்க்கத் தகர டின்னைத் தட்டினார். இங்கி பின்வாங்கிச் சுவரில் மோதிக்கொண்டது. பழக்கிவிடலாம் என்றார் அவர். அசரியா தாளை எடுத்துக் காட்டினார். பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மேனேஜருக்கு எழுதி அனுமதி கேட்கிறேன் என்றார். எழுதினார். பதில் இல்லை. இன்னொரு கடிதம் எழுதினார். அதற்கும் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஜூன் மாதம் கிணற்றில் வாளி தரை தட்டியது. அசரியா கேன்களில் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தாம்பரத்தில் ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு நிற்கும்போது ஒரு குதிரைக்குத் தண்ணீர் கொண்டு போவது வெட்கமாக இருந்தது. கேன் மேல் சாக்கைப் போட்டு மூடினார்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அரை மணி நேரம் குதிரை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி வச்சிருக்கறது சரியில்லை சார். கால் எப்பவும் முழுசா தேறாது. இந்த ஆட்டத்துல மத்த காலும் போயிடும். உங்களுக்கு முடியாதுன்னா ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வலியில்லாம முடிச்சிடலாம்."

அசரியா அன்று வீட்டில் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தபீதாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டீங்களா?"

"இல்லை."

"எழுதினா பாவமா?"

"தெரியலை."

"எழுதாட்டி?"

அவர் பேனாவை மூடினார்.

செய்தி எப்படியோ சேலையூர் சைக்கிள் கடைக்குப் போய்விட்டது. அந்த ஞாயிறு காலை செம்பாக்கத்தில் பதினைந்து சைக்கிள்கள் வந்து நின்றன. பத்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர்களைப் பார்த்தார் அசரியா. பக்தவச்சலம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். இத்தனை ஆண்டுகள் எங்களுக்கு மகிழ்ச்சி தந்த ஒரு ஜீவனை, என்று தொடங்கியது. கீழே நாற்பது கையெழுத்து.

"உங்கள மாதிரி எழுத எங்களுக்கு வருமா சார்? நகலு வச்சிருந்தோம். அதயே பாத்து எழுதிட்டோம்."

அவர் பெயர் மட்டும் இல்லை. அது மேலே, பெறுநர் என்ற இடத்துக்குப் போயிருந்தது.

தபீதாளும் அன்று வந்திருந்தாள். "கையெழுத்துப் போட்டவங்க ஆளுக்கு ஒரு நாள் வந்து லத்தி அள்ளட்டும். அப்புறம் படிக்கலாம்" என்றாள்.

"அம்மா சொல்றது நாயந்தான்" என்றான் பக்தவச்சலம். அவன் உண்மையிலேயே தலை குனிந்தான். பிறகு குதிரை பக்கம் போய் நின்றான். அது ஆடுவதை அவன் அப்போதுதான் முதலில் பார்த்தான். அவன் முகம் மாறியது. கம்பிக்குள் கைவிட்டு அதன் நெற்றியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். கையோடு சேர்ந்து ஆடியது.

"இன்னா சார் இது, ஜெயில்ல போட்ட மாதிரி." அவன் கண் கலங்கியிருந்தது. "கொல்லவும் வாணாம், இப்பிடி வைக்கவும் வாணாம். ஏரி காஞ்சி கெடக்குது பாருங்க, கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு. ஒரு தபா அங்க விட்டுப் பாக்கலாமே சார். அது மனசு ஆறும்."

"கூடாது" என்றான் ஜெயவேலு. "அந்த நரம்பு நூலாட்டம் ஒட்டிகினு கீது."

"நீ இன்னா டாக்டரா?"

"நான் அதோட காலைத் தெனம் கையில புடிச்சவன். நீ டிக்கெட்டப் புடிச்சவன்."

அசரியா அன்று வேண்டாம் என்றுதான் சொன்னார். அடுத்த ஆறு நாளும் காலையிலும் மாலையிலும் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, கேனைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது, தன் உடம்பும் இடமும் வலமுமாக அசைவதை உணர்ந்தார். கேனைக் கீழே வைத்தார். சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போய், "நடக்க மட்டும்" என்றார். "கயிறு ஜெயவேலு கையில. கூட்டம் கூடாது."

கூட்டம் கூடியிருந்தது. ஜூலை மாதத்தில் பார்க்க ரேஸ் இல்லாமல் காய்ந்து போயிருந்த ஜனங்கள். ஏரிக்கரை நெடுகிலும் இருநூறு பேருக்குக் குறையாது. ஐஸ் வண்டி வந்திருந்தது. ஒருவன் ஸ்டாப் வாட்ச் கொண்டுவந்திருந்தான். ஏரியின் நடு வேலமரத்துவரை நடக்குமா, நடக்காதா என்று கரையில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன வச்சலம்?"

"சும்மா ஆசைக்கு வந்தவங்க சார். சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

காலை ஏழு மணி வெயில். ஏரித் தரை வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் மண் எடுக்கும் லாரிகள் போய் வந்து மண் பொடியாகி, அகலமாக ஒரு தடம். ஜெயவேலு நீளக் கயிற்றில் இங்கியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அசரியா மறுபக்கம் நடந்தார்.

தரைக்கு வந்ததும் இங்கி நின்றது. தலையைத் தூக்கியது. மூக்கு விரிந்தது. ஐம்பது நாளாக ஆடிய தலை, அசையாமல் நின்றது. பிறகு நடந்தது. நொண்டல் தெரியாத நடை. வெயிலில் முதுகு மினுமினுத்தது. அசரியா இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மூச்சை முழுவதும் வெளியே விட்டார். தினம் காலையில் இப்படிக் கூட்டிவரலாம் என்று நினைத்தார். மழை வரும்வரை. அதற்குள் ஏதாவது வழி.

கரையில் யாரோ தாங்கமாட்டாமல், "இங்கி!" என்றான்.

அதன் காது பின்னால் திரும்பியது.

"கத்தாதீங்கப்பா!" என்றான் ஜெயவேலு.

அதற்குள் பத்துப் பேர் கத்தினார்கள். பிறகு கரை முழுவதும் கத்தியது. கிண்டியில் கடைசி வளைவில் எழும் அதே சத்தம். இங்கி கழுத்தைத் தாழ்த்தியது. கயிறு ஜெயவேலுவின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயிற்று.

அது ஓடியது. பொடி மண் தடத்தில், பின்னால் சிவப்பாகத் தூசி எழ, உடம்பு தரையோடு படிந்து நீண்டு ஓடியது. அசரியாவுக்கு அந்தக் கால் தெரியும். நாலு மாதமாகத் தினம் இரண்டு வேளை கட்டு மாற்றிய கால். எந்த இடம் சூடாக இருக்கும், எந்த இடத்தில் அழுத்தினால் இழுத்துக்கொள்ளும் என்று விரலுக்குத் தெரியும். ஆனால் அவர் காலைப் பார்க்கவில்லை. வேலமரத்தைத் தாண்டும்போது அவர் மனசு கணக்குப் போட்டது. பன்னிரண்டு செகண்ட். ஒரு ஃபர்லாங் தூரத்துக்கு நல்ல நேரம்.

"இன்னும்!" என்று கத்தினார். "இன்னும்! இன்னும் வா!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழிய. பக்கத்தில் ஜெயவேலு உரிந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். அவன் குதிரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏரியின் அந்தக் கோடியில் இங்கி நின்றது. சத்தம் கொஞ்ச நேரம் தானாகவே ஓடிப் பிறகு நின்றது. யாரோ கைதட்டினான். பக்கத்திலிருந்தவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அசரியா ஓடினார். ஐம்பத்தொரு வயதில், செருப்பு ஒன்று வெடிப்பில் மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டு ஓடினார். இங்கி மூன்று காலில் நின்றது. இடது முன்னங்கால் முட்டிக்குக் கீழே பையைப் போலத் தொங்கியது. உடம்பெல்லாம் நுரை. அவர் போய்ச் சேர்ந்ததும் தலையை அவர் தோளில் வைத்தது. பிறகு கழுத்து. பிறகு அந்தப் பக்கத்து எடை முழுவதும் மெல்ல அவர் மேல் சாய்ந்தது. அவர் காலை அகட்டி ஊன்றித் தாங்கிக்கொண்டார்.

பக்தவச்சலம் டிவிஎஸ் ஐம்பதில் போய் டாக்டரைக் கூட்டி வந்தான். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அசரியா அங்கேயே நின்றார். இரண்டு பேர் மாற்றிக்கொள்ள வந்தார்கள். வேறு ஆள் நெருங்கினால் குதிரை துள்ளப் பார்த்தது. கூட்டம் கரையிலிருந்து இறங்கி, தள்ளி வட்டமாக நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

டாக்டர் குனிந்து ஒரு தரம் தொட்டார். நிமிர்ந்தார்.

"முழுசா அறுந்துடுச்சு. இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்லை. எழுதித் தர்றீங்களா?"

"நான் கையை எடுக்க முடியாது. நீங்க எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

டாக்டர் நோட்டுப் புத்தகத்தைத் தொடையில் வைத்து எழுதினார். "எப்படி ஆச்சுன்னு போடறது?"

"கயிறு நழுவிடிச்சி டாக்டர்" என்றான் பக்தவச்சலம் அவசரமாக. "யாரு மேலயும் தப்பு இல்ல."

"நான் ஓட விட்டேன்னு எழுதுங்க" என்றார் அசரியா.

"சார், கத்துனது நாங்க."

"நானும் கத்தினேன், வச்சலம்."

பக்தவச்சலம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெயவேலுவைப் பார்த்தான். தலையைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் நோட்டை நீட்ட, அசரியா ஒரு கையைக் குதிரையின் கழுத்துக்கு அடியில் வைத்தபடியே மறு கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

டாக்டர் பையைத் திறந்தார். பெரிய ஊசி. மருந்தை இழுத்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது.

"சார், விலகிக்குங்க. உங்க பக்கம்தான் விழும்."

"விலகினா விழுந்துடும் டாக்டர்."

"விழத்தான் சார் போகுது."

அசரியாவுக்கு அது புரிந்தது. வெறுங்கால் வெடிப்பு மண்ணில் புதைந்திருந்தது. தோள் மரத்துப் போயிருந்தது. இங்கியின் மூச்சு அவர் முதுகில் சூடாக வந்து பட்டுக்கொண்டிருந்தது. ஜெயவேலு வந்தான். அவனிடம் மட்டும் குதிரை துள்ளவில்லை. துணி சுற்றிய கையோடு அவனும் கழுத்தின் கீழே தோளைக் கொடுத்தான்.

"நான் புடிச்சிகினேன் சார். எனக்கு ஒதுங்கிக்கத் தெரியும். நீங்க போங்க."

டாக்டர் பிடரி மயிரை ஒதுக்கி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அசரியா தலையை ஆட்டி மறுத்தார். காலை மாற்றி ஊன்றிக்கொண்டு, பாரத்தை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் வாங்கிக்கொண்டார்.